சந்தைக்குப் போன பிறகு முடிவு செய்யுங்கள்

"நாளைக்கு என்ன குழம்பு?" என்ற கேள்வியை முந்தின இரவே தீர்த்துவிட்டுப் படுப்பது பல வீடுகளில் வழக்கம். முருங்கைக்காய் சாம்பார் என்று முடிவானதாக வைத்துக்கொள்வோம். மாதம் மார்கழி. காலையில் கடைக்குப் போனால் முருங்கைக்காயை எண்ணி விற்கிறார்கள். விலையைக் கேட்டால் ஒன்று போதும் என்று தோன்றுகிறது. அதை வெட்டிப் போட்டாலும் உள்ளே வழித்துத் தின்னச் சதை இல்லை. அதே கடையில், காலுக்குக் கீழே விரித்த சாக்கில் பச்சை மொச்சை மலையாகக் கிடந்திருக்கும். முடிவு முன்பே எடுத்தாயிற்று என்பதால் அதைத் தாண்டி வந்திருப்போம்.

இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. முதலில் சந்தை, பிறகு முடிவு. கேட்க எளிதாக இருக்கும் இதற்கு இரண்டு திறமைகள் வேண்டும். எது இப்போது நன்றாக இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். எந்தக் காய் கைக்கு வந்தாலும் அதைச் செய்யச் சில முறைகள் பழகியிருக்க வேண்டும்.

பருவக் காயை அடையாளம் காண்பது

காலண்டர் பார்க்க வேண்டாம், கடையைப் பாருங்கள். ஒரே காய் எல்லாக் கடையிலும் குவிந்திருந்தால் அதுதான் பருவக் காய். எடை போடாமல் கூறு கட்டி விற்பது இன்னொரு அடையாளம். எல்லாவற்றையும்விட நம்பகமானது, சந்தை வாசலில் ஒரே ஒரு பொருளை மட்டும் பரப்பி உட்கார்ந்திருக்கும் ஆள். ஒரு பாட்டி வெள்ளரிப்பிஞ்சு மட்டும் வைத்திருக்கிறார் என்றால் அது எங்கோ பக்கத்தில் விளைந்து, இன்று விற்றாக வேண்டிய பொருள்.

"புதுசா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. "அக்கா, இது எந்த ஊர்க் காய்?" என்று கேளுங்கள். "நம்ம தோட்டத்துதான் தம்பி" என்றோ "நைட்டு லோடுல வந்ததுப்பா" என்றோ சொல்லிவிடுவார்கள். இதில் பொய் சொல்ல யாருக்கும் பெரிய அவசியம் இல்லை. நாலு வாரம் ஒரே ஆளிடம் வாங்கினால், "இன்னைக்கு அவரை வேணாம், முத்திப் போச்சு, கத்திரி எடுத்துக்க" என்று அவரே சொல்வார். கறிவேப்பிலைக் கொசுறைவிட இந்தப் பேச்சு மதிப்புள்ளது.

வீட்டுக்கு அருகில் உழவர் சந்தை இருந்தால் விடியற்காலையில் போங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்க வேண்டும் என்பதே நோக்கம். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பலகையே ஒரு பருவ அட்டவணை: வாராவாரம் எதன் விலை இறங்குகிறது என்று கவனித்தால் போதும். எட்டு மணிக்கு மேல் போனால் நல்ல காய் முடிந்திருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது சில விஷயங்கள். கத்திரிக்காயில் காம்பைச் சுற்றிய தொப்பி பச்சையாக, தோல் பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கிப் போன கனத்த காயில் விதை முற்றியிருக்கும். வேலூர் இலவம்பாடியின் முள்ளுக் கத்திரி கிடைத்தால் தொப்பியில் முள் குத்தும், பார்த்து எடுங்கள். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முருங்கைக்காயை மெல்ல முறுக்கிப் பாருங்கள், விறைத்து நின்றால் நார்தான் மிஞ்சும். வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்க்கலாம், ஆனால் ஒடித்த காயை உங்கள் கூடையிலேயே போடுங்கள். பத்துப் பேர் ஒடித்துப் போட்ட வெண்டையை அந்தக் கடைக்காரர் யாரிடம் விற்பார்?

சுரை, பீர்க்கை, வெள்ளரி மூன்றுக்கும் ஒரு பழக்கம் கட்டாயம் வேண்டும். நறுக்கும்போது சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். இந்தக் குடும்பத்துக் காய்களில் சில சமயம் கசப்பு நச்சு கூடிவிடும். வேகவைத்தாலும் அது போகாது, கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

'நாட்டு' என்று எழுதி ஒட்டிய அட்டைக்கு மட்டும் கூடுதல் காசு தராதீர்கள். இப்போது நாட்டுத் தக்காளி, நாட்டுக் கொய்யா, நாட்டுச் சர்க்கரை என்று அட்டை இல்லாத பொருளே இல்லை. எந்த ஊர், எப்போது பறித்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கடையில் அந்த அட்டைக்குப் பொருள் இல்லை.

இதை ஒரு விரதமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். நாம் வாங்கும் துவரம் பருப்பில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், கர்நாடகம் பக்கமிருந்து வருகிறது. கேரட்டும் பீன்ஸும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆண்டு முழுவதும் விளைகின்றன. அவற்றைத் தாராளமாக வாங்குங்கள். கூடையில் பாதிக்கு மேல் அந்தந்த மாதத்துக் காயாக இருந்தால் நாக்குக்கே வித்தியாசம் தெரியும்.

முறை மாறாது, காய் மாறும்

செய்முறைக் குறிப்புகளைச் சேர்த்து வைப்பவர்கள் பருவக் காயைக் கண்டு பயப்படுவார்கள். "பூசணி வாங்கலாம், ஆனால் அதுக்கு ரெசிபி தெரியாதே." பூசணிக்கென்று தனியாக எதுவும் தெரிய வேண்டாம். கூட்டு தெரிந்தால் பூசணியும் தெரியும்.

கூட்டின் அளவு இதுதான்: நறுக்கிய காய் 300 கிராம், பாசிப்பருப்பு கால் டம்ளர், தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, பச்சை மிளகாய் 2. பருப்பை மலர வேகவைத்து, காயைச் சேர்த்து மூடி, காய் வெந்ததும் உப்பும் அரைத்த தேங்காயும் போட்டு ஒரு கொதி. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிப்பு. சுரை, புடலை, பீர்க்கை, சௌசௌ, வெள்ளைப் பூசணி, வாழைத்தண்டு, எந்தக் கீரையானாலும் இதே அளவுதான். சுரையும் பீர்க்கையும் தாமாகவே தண்ணீர் விடும், ஆகவே தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. கீரை சுருங்கிய பிறகுதான் அளவு தெரியும், ஆகவே உப்பைக் கடைசியில் போடுங்கள்.

தண்ணீர் குறைந்த காய்கள் (அவரை, கொத்தவரை, வாழைக்காய், கோவைக்காய்) பொரியலுக்கு. எண்ணெய் குடித்து ருசிக்கும் காய்கள் (கத்திரி, வெண்டை, சுண்டை) புளிக்குழம்புக்கு. இதில் நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் குழம்பு எடுபடாது. வெண்டை, வெள்ளைப் பூசணி, சேப்பங்கிழங்கு மோர்க்குழம்புக்கும் பொருந்தும். மிச்சப்பட்ட எல்லாவற்றுக்கும் துவையல்: பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல், முற்றிய கீரைத்தண்டின் இலை. தோலை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், துளி புளி, உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் சோற்றுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு நாளைக்கு இந்த முறைகளில் ஒன்றும் ரசமும் போதும். சாம்பார், கூட்டு, பொரியல், அப்பளம் என்று தினமும் இலை நிறைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் பலரைச் சமையலறையிலிருந்து விரட்டியிருக்கிறது.

தை: ஆண்டின் மிகப் பெரிய கூடை

ஒரே ஒரு மாதம்தான் இந்த முறையில் சமைத்துப் பார்ப்பேன் என்றால் தை மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்கழிக் கடைசியிலிருந்தே சந்தை நிரம்பி வழியும். பந்தல் அவரை, பச்சை மொச்சை, பச்சைத் துவரை, பரங்கி, சேனை, கருணை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு, இலையோடு மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுகிழங்கு வேறு.

அவரையும் மொச்சையும் இந்த மாதத்தில் வந்து குவியக் காரணம் உண்டு. பழைய கொடி வகைகள் பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூக்கும். ஆடிப் பட்டத்தில் விதைத்த கொடி மழைக்காலம் முழுவதும் படர்ந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, மார்கழி தையில் காய்க்கும். ஆண்டு முழுவதும் கடையில் கிடைப்பது பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும்படி உருவாக்கிய செடி அவரை. அது குறைவில்லாத காய்தான், ஆனால் பந்தல் அவரையின் வாசனை அதில் வராது.

கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர் பக்கத்து வீடுகளில் இந்த மாதத்தில் பிதுக்குப் பருப்பு செய்வார்கள். நன்கு முற்றிய பச்சை அவரை அல்லது மொச்சைக் கொட்டையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் இரண்டு விரலால் அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு வெளியே துள்ளும். வேலை கொஞ்சம் நேரம் பிடிக்கும். வீட்டில் இருக்கும் எல்லாரையும் உட்கார வைத்துவிடுங்கள். அந்தப் பருப்பைக் கத்திரிக்காயோடு போட்டு வைக்கும் குழம்புக்கு இட்லியும் ஈடு, களியும் ஈடு.

சிறுகிழங்கு வாங்கத் தயங்குவது தோலை நினைத்துத்தான். கத்தியால் சீவாதீர்கள், பாதிக் கிழங்கு போய்விடும். தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு சாக்குப் பையில் போட்டுத் தரையில் தேய்த்து உருட்டினால் தோல் கழன்றுவிடும். பனங்கிழங்கு இன்னும் சுலபம். மேல் தோலை உரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் வேகவைத்து, இரண்டாகப் பிளந்து நடு நரம்பை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் இதை உலர்த்தி ஒடியல் ஆக்கி, அதன் மாவில் மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள். பருவம் முடிந்தும் கிழங்கை விடாத புத்தி அது.

மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு பரிமாறும் தாளகமும் பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பும் இந்தக் கூடைக்காகவே பிறந்தவை. பெரியவர்கள் இதில் 'இங்கிலீஷ் காய்' போட விடமாட்டார்கள். கேரட்டும் உருளையும் வெளியே நிற்க வேண்டும். நான்கைந்து பேருக்கு அளவு: நறுக்கிய காயும் கிழங்கும் எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ, துவரம் பருப்பு 100 கிராம், பெரிய எலுமிச்சை அளவு புளி. வறுத்து அரைக்கத் தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, வெந்தயம் கால் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி.

இதில் ருசியைத் தீர்மானிப்பது வரிசைதான். பருப்பைத் தனியாகக் குழைய வேகவையுங்கள். மொச்சையையும் தனியாக, மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள். புளி சேர்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு கொதித்தாலும் மொச்சை மெதுவாகாது. சேனையைக் கொஞ்சம் புளி கரைத்த தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து வடித்துவிடுங்கள். நாக்கை அரிப்பது அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், அந்த அரிப்பைப் புளி தணிக்கும். நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் கையும் தப்பிக்கும். பிறகு அகலமான பாத்திரத்தில் சிறுகிழங்கு, அது பாதி வெந்ததும் வாழைக்காயும் அவரையும், கடைசியில் பரங்கியும் சர்க்கரைவள்ளியும். இவை இரண்டும் முதலிலேயே விழுந்தால் கரைந்து குழம்பே பாயசம் மாதிரி ஆகிவிடும். எல்லாம் வெந்த பிறகு மொச்சை, சேனை, புளித்தண்ணீர், உப்பு. பச்சை வாசனை போனதும் அரைத்த விழுதும் பருப்பும். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். மிஞ்சியதை மறுநாள் சட்டியிலேயே சுண்ட வையுங்கள், பழையசோற்றுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

மாசி முதல் ஆனி வரை

மாசியில் மாவடு. பங்குனியில் வேப்பம்பூ, மரத்தடியில் வேட்டியை விரித்துச் சேகரித்து நிழலில் உலர்த்தினால் ஓராண்டு ரசத்துக்கு ஆகும். முருங்கைக்காய் குவிவதும் பங்குனி தொடங்கிக் கோடையில்தான். மார்கழியில் எண்ணி வாங்கிய காயைக் கட்டாக வாங்கலாம். நுங்கும் பதநீரும் சித்திரை, வைகாசி. மாம்பழத்தில் முதலில் செந்தூரா, கடைசியில் நீலம். இடையில் மல்கோவாவும் இமாம் பசந்தும் வந்து போகும். காயாகக் கிளிமூக்கு.

மீன் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. அந்த நாட்களில் பெரிய வஞ்சிரம் தேடி அலைய வேண்டாம். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. கரையோரச் சிறு மீன்களும் ஏரி, அணை மீன்களும் கிடைக்கும். இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு.

வருஷச் சாமான் வாங்குவதும் இந்த மாதங்களில்தான். புதுப் புளி, மிளகாய் வற்றல், தனியா. ராமநாதபுரம் முண்டு மிளகாய் கோடையில் வரத்து கூடும். உருண்டையாக, தோல் தடித்து, குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். புளியை விதையும் நாரும் நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவிப் பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த பங்குனி வரை கெடாது.

தக்காளி விலை ஏறும்போது

தக்காளி இல்லாமல் ரசம் வைக்கத் தெரியாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. தக்காளி விலை ஏறியவுடன் செய்தியாவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் சமையலில் புளிப்புக்கு வழி நிறைய உண்டு. சித்திரை, வைகாசியில் மாங்காய்: ஒரு சிறு மாங்காயைப் பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் புளியும் வேண்டாம், தக்காளியும் வேண்டாம். கார்த்திகை முதல் மாசி வரை நெல்லிக்காய்: தேங்காய், பச்சை மிளகாயோடு அரைத்துத் தயிரில் கலந்தால் பச்சடி. புளிச்சக்கீரை கிடைக்கும் ஊரில் அதைப் பருப்போடு கடையலாம். புளித்த மோர் எல்லா மாதமும் வீட்டிலேயே இருக்கிறது. எலுமிச்சை ரசம் வைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு பிழிய வேண்டும். கொதித்தால் கசக்கும்.

பதிலாகப் போடும்போது அளவைச் சட்டென்று முடிவு செய்யாதீர்கள். மாங்காய்க்கு மாங்காய் புளிப்பு மாறும், மோருக்கும் அப்படியே. பாதியைப் போட்டு ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள்.

மழை மாதங்கள்

ஆடியில் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் இருந்தால் போதும். புரட்டாசி முடிந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சந்தை சுருங்கும். கீரையில் சேறு ஏறும், தக்காளி அழுகும், வரும் காயும் நனைந்து வரும். நனைந்த காயைப் பையோடு ஃபிரிட்ஜில் தள்ளாதீர்கள். துணியில் பரப்பி ஈரம் உலர்த்திய பிறகு வையுங்கள். கீரையை அகலப் பாத்திரத் தண்ணீரில் மூழ்கவிட்டு, மண் கீழே படிந்ததும் மேலாக அள்ளி எடுங்கள், மூன்று முறை. மழைக்குப் பின் புற்றுக் காளான் விற்பவர்கள் வருவார்கள். காலங்காலமாக அதைப் பறித்துப் பழகிய, உங்களுக்குத் தெரிந்த ஆள் என்றால் மட்டும் வாங்குங்கள்.

இந்த மாதங்களுக்கான சமையலைக் கத்திரி வெயிலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். சுண்டைக்காயைக் கல்லால் லேசாக நசுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவிட்டு, பகலில் மோரை விட்டு எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் காய் குடித்து முடிந்ததும், கல் மாதிரி காயும்வரை வெயில். கீறிய மிளகாய்க்கும் இதே முறை. கொத்தவரங்காய்க்கு மோர் வேண்டாம், உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துக் காயவைத்தால் போதும். சின்ன வெங்காயம் மலிவாக இருக்கும் வாரத்தில் அதோடு பூண்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், மஞ்சள் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்தால் தாளிப்பு வடகம். அது இருந்தால் காய் இல்லாத நாளிலும் வெறும் புளிக்குழம்பு மணக்கும்.

மாடி இல்லாத அடுக்ககத்தில் ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டு வைக்க இடம் இருந்தாலும் கால் கிலோ சுண்டைக்காய் காயும். மேலே மெல்லிய துணியைக் கட்டிவிடுங்கள். மழையில் எடுத்துச் சமைக்கும்போது வற்றலைத் தண்ணீரில் அலச வேண்டாம். எண்ணெயை நன்றாகக் காயவைத்து, தீயைக் குறைத்து, பொன்னிறத்துக்கு ஒரு நிறம் முன்பாகவே எடுத்துவிடுங்கள். எண்ணெயின் சூட்டிலேயே மீதி சிவக்கும். வற்றலில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பில் பாதி போதும்.